செட்டிநாட்டில் கார் துரு: வருமுன் தடுப்பதும், வந்தபின் எடுப்பதும்

காரைக்குடியில் ஏதாவது ஒரு டிங்கரிங் பட்டறையில் அரை நாள் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். தினம் ஓடுகிற வாடகை வண்டிகள் இடித்து நசுங்கித்தான் அங்கே வருகின்றன. துருப்பிடித்து வருபவை பெரும்பாலும் ஓடாத வண்டிகள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் ஓட்டட்டும் என்று வாங்கிப் போட்டவை. முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுப்பவை. பதினோரு மாதம் கவர் போட்டு மூடிக் கிடக்கும். கவரைத் தூக்கினால் கதவின் அடியில் பெயிண்ட் பொரிந்திருக்கும். "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். போன வருஷமும் உள்ளே துரு இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

செட்டிநாடு வறண்ட பூமியாயிற்றே, இங்கே எதற்குத் துரு என்று கேட்கலாம். தண்ணீர் படுவதால் கார் கெடுவதில்லை, தண்ணீர் தங்குவதால்தான் கெடுகிறது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு வராத துரு, கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கும் வண்டிக்கு வரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவது எல்லாம் தானாகப் புரியும்.

துரு என்ன செய்கிறது

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. ஒன்றை நிறுத்தினாலும் வேலை நின்றுவிடும். தண்ணீர் என்றால் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிந்துவிடும். அதில் தூசி, உப்பு, பறவை எச்சம் ஏதாவது கரைந்தால் அது மின்சாரம் கடத்தும். அப்புறம் அந்த இடம் ஒரு குட்டி பேட்டரி மாதிரி. ஒரு புள்ளியில் இரும்பு கரைந்துகொண்டே இருக்கும், பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் வேலை செய்யும்.

இது மின்வேதியியல். அந்தப் படிப்புக்கென்றே நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் ஊரில்தான். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சிக்ரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அவர்களுக்கு மண்டபத்தில் கடலோரமாக ஓர் ஆய்வு மையமும் உண்டு. உப்புக் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்ப்பது அங்கே நடக்கும் வேலை. அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் நாம் ராமேஸ்வரத்துக்கு வண்டி ஓட்டுகிறோம். அதைப் பற்றிப் பிறகு.

அலுமினியச் சட்டியின் மேல் படியும் ஆக்சைடு அதற்கே கவசமாகிவிடும். இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துரு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் அடியிலிருந்து கொப்புளமாக எழும்புகிறது. கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு அடியில் உள்ள தகடு பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். ஒரு கொப்புளத்தை "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கே பார்ப்பது

ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்குரூடிரைவர், ஒரு காந்தம். இவ்வளவு போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயிண்டில் கீறல் விழாது.

கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் வழியாக எல்லாக் காரிலும் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகும். அது குறையில்லை, அமைப்பே அப்படித்தான். போன தண்ணீர் வெளியேற அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். நம் செம்மண் தூசியும் வேப்பம்பூவும் சேர்ந்து அந்தத் துளைகளைச் சேறாக அடைத்துவிடும். அப்புறம் கதவே ஒரு தொட்டி. கதவு துருக்களில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். வெளியிலிருந்து எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

அடுத்தது சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு. அதன் உள் விளிம்பில் தகடு மடித்திருக்கும். அந்த மடிப்பில் மண் அப்பிக்கொள்ளும். கார் காய்ந்த பிறகும் அந்த மண் மட்டும் இரண்டு நாள் ஈரமாகவே இருக்கும். விரலை விட்டுத் தோண்டினால் கட்டி கட்டியாக வரும்.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். இதுதான் மிக முக்கியம். வண்டியின் முதுகெலும்பில் இதுவும் ஒன்று. உள்ளே வெற்றிடம், கண்ணுக்குத் தெரியாது. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மண்பானை உடைந்த மாதிரி மந்தமாகக் கேட்கும்.

வைப்பருக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் சருகுக் குப்பை இருக்கும். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் ஒரு கூடை அள்ளலாம். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் பாருங்கள். பின் விளக்கின் ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும்.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு. முன் இருக்கையின் கால் மிதியடியைத் தூக்கி, அதற்கும் அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். என் பழைய சின்னக் காரில் ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருந்தது. தண்ணீர் வண்டிக்குள்ளேயே சொட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு முழுக்க ஊறிவிட்டது. ஒரு கோடை முழுவதும் அந்த வாடைக்கு ஊதுபத்தி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்! ஏசி போட்டு நிற்கும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை.

செகண்ட்ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் காந்தம் உதவும். தகட்டில் பிடிக்கும் காந்தம் ஓரிடத்தில் நழுவினால் அங்கே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, கனமாக இருக்கிறது என்று பொருள். சில கார்களில் பானட்டே அலுமினியம், சில கார்களில் பெண்டர் பிளாஸ்டிக். அவற்றில் காந்தம் பிடிக்காது, பதற வேண்டாம்.

தடுப்பு: ஐப்பசிக்கு முன்

நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே இந்த வேலைகளைப் புரட்டாசியில் முடித்துவிடுவது நல்லது.

வடிகால் துளைகளை முதலில் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றின் நுனியை விட்டுக் கிளறினால் போதும். கம்பி வேண்டாம், உள்ளே கீறிவிடும். பிறகு கண்ணாடி ரப்பர் வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதலில் செம்மண் குழம்பாக வரும், அப்புறம் தெளியும். அதே போல ரன்னிங் போர்டின் அடியில் உள்ள துளைகளையும்.

சக்கர வளைவுகளைக் கையால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டால் மேலோட்டமாக அடித்துவிட்டுப் போவார்கள். மடிப்புக்குள் இருக்கும் மண் அப்படியே இருக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கால் மணி நேரம். சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடித்துப் பளபளப்பாக்கித் தரும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டீசல் துருவைத் தடுக்காது, ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், தூசியை இழுத்துப் பிடிக்கும். கழிவு இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அதே பதில்தான், கூடவே மண்ணும் கெடும்.

அண்டர்பாடி கோட்டிங் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. புது வண்டிக்கு, சுத்தமான காய்ந்த தகட்டின் மேல் அடித்தால் நல்லது. ஓடிய வண்டிக்கு மண்ணையும் துருவையும் எடுக்காமல் அதன் மேலேயே கறுப்பாக அப்பினால், காயத்தைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதை. ஓரம் வெடித்து உள்ளே தண்ணீர் போனால் வெளியே வர வழி இருக்காது, பார்த்தாலும் தெரியாது. என்னைக் கேட்டால் ஓடிய வண்டிக்குக் கெட்டியான கறுப்புக் கோட்டிங்கைவிட மெழுகு வகை நல்லது. அது மெல்லியது, இடுக்கில் ஊர்ந்து போகும், அடியில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். எதை அடித்தாலும் வடிகால் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்றே பாருங்கள்.

ரன்னிங் போர்டுக்கும் கதவுக்கும் உள்ளே அடிக்க, நீண்ட குழாய் வைத்த மெழுகு ஸ்பிரே டப்பாக்கள் கிடைக்கின்றன. துளை வழியாகக் குழாயைக் கடைசி வரை உள்ளே விட்டு, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போது அடிக்காதீர்கள். நல்ல வெயிலில் கதவுகளைத் திறந்து இரண்டு நாள் நிறுத்திவிட்டு அடியுங்கள். ஒட்டிக்கொண்ட போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்துவதில் பலனில்லை, சில வாரங்களில் அது இருந்த இடம் தெரியாது.

சரி, நிறுத்தும் இடம். செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. சிமென்ட் தரை அல்லது கல் பாவிய தரை நல்லது. மண்தரை இரவெல்லாம் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும், புல் முளைத்த மண் அதைவிட மோசம். கொட்டகைக்குக் கூரை முக்கியம்தான், ஆனால் இரண்டு பக்கம் காற்றோட்டம் அதைவிட முக்கியம். கவர் போடுவதாக இருந்தால் காற்று போகும் துணிக் கவர். ரெக்சின், தார்ப்பாய் எல்லாம் இரவில் அடியில் வியர்த்துவிடும். மழைக்காலத்தில் காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நிற்கும். நனைந்த காரின் மேல் எந்தக் கவரும் போடாதீர்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் சைலன்சருக்குள் தண்ணீர் சேரும், அவ்வளவுதான். மாதம் இரண்டு முறையாவது கவரைக் கழற்றி, குன்றக்குடி வரையோ பிள்ளையார்பட்டி வரையோ ஓட்டிவிட்டு வந்து, கதவுகளைத் திறந்து வெயில் காட்டச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரை இருக்க வேண்டும் என்று ஆச்சி சொல்வார். ஆச்சிக்குச் சமாதானம் சொல்லி, மழைக்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் எதுவும் பெயிண்ட் மேல் இருக்கக் கூடாது. கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் காற்றில் ஆடி ஆடி, கம்பி முனை பம்பருக்கு மேலே கோடு கிழித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். நூலில் கட்டினாலும் திருஷ்டி போகும். பறவை எச்சத்தை மட்டும் அன்றன்றே கழுவிவிடுங்கள். அதன் அமிலம் வெயிலில் பெயிண்டைச் சுட்டுவிடும்.

வெளியே வாங்கி மாட்டும் சாமான்களும் துருவுக்கு வாசல் திறக்கும். மட்பிளாப், கேரியர், பக்கவாட்டுப் பட்டை எல்லாம் துளை போட்டுத் திருகாணி முடுக்குவார்கள். துளை போட்ட ஓரத்தில் வெறும் இரும்பு. மாட்டியே ஆக வேண்டுமானால், துளை விளிம்பில் பிரைமர் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு கிரீஸ் தடவிய திருகாணியைப் போடச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் போய் வந்தால்

தேவகோட்டை, தொண்டி வழியாகக் கடற்கரைச் சாலையில் போனாலும் மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகப் போனாலும், பாம்பன் பாலத்தில் உப்புக் காற்றுக் குளியல் நிச்சயம். அரிச்சல்முனை வரை போனால் காற்றோடு மணலும் சேர்ந்து அடிக்கும். மணல் துகள் பெயிண்டில் சிறு பொத்தலிடும், உப்பு அதில் உட்கார்ந்துகொள்ளும். உப்புக்குக் கெட்ட குணம் ஒன்று, தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழையே இல்லாத மாதத்திலும் துரு ஓடும்.

ஊர் திரும்பிய மறுநாளே நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக, அப்புறம் அடியிலும் சக்கர வளைவிலும் நிதானமாகக் கழுவுங்கள். காய்ந்தால் வெள்ளையாகப் படியும் உவர்நீராக இருந்தால் கடைசியில் ஒரு வாளி குடிநீராவது ஊற்றித் துணியால் ஒற்றி எடுங்கள். கடற்கரையில் அலை வரும் இடத்தில் வண்டியை இறக்கிப் படம் எடுக்கும் ஆசை இருந்தால், வேறு யாருடைய வண்டியையாவது இறக்குங்கள்.

வந்துவிட்டது. எந்த நிலை?

ஸ்குரூடிரைவர் முனையால் கொப்புளத்தை உடைத்து அடியில் அழுத்துங்கள். மேலே பழுப்பாகத் தூள், அடியில் தகடு கெட்டி என்றால் முதல் நிலை. தகட்டில் அம்மை போட்ட மாதிரி குழி விழுந்து, அடுக்கடுக்காக உரிந்தால் இரண்டாம் நிலை. முனை உள்ளே போய்விட்டால் மூன்றாம் நிலை. முதல் இரண்டும் வீட்டில் செய்யலாம். மூன்றாவதற்கு வெல்டிங் வேண்டும், பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கொப்புளம் கதவின் அடி ஓரத்திலோ சக்கர வளைவின் மடிப்பிலோ இருந்தால், பத்துக்கு ஒன்பது முறை அது உள்ளேயிருந்து வெளியே வந்தது. கல் பட்டு வந்த துருவுக்கு நடுவில் ஒரு புள்ளிக் காயம் இருக்கும். உள்ளிருந்து வந்ததற்குக் காயம் எதுவும் இருக்காது, கொப்புளம் மட்டும் இருக்கும்.

முதல், இரண்டாம் நிலை: வீட்டில் செய்யும் முறை

பங்குனி, சித்திரை இதற்குத் தோதான காலம். மழை நாளில் பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதே சமயம் உச்சி வெயிலில் தகடு சுடும்போதும் அடிக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு நிழலில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, தூசிக்கு முகமூடி. கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டால் அதிலிருந்து கம்பி பறந்து வரும், கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

வண்டியைக் கழுவிக் காயவிட்டு, துருவைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, மீதி இடத்தைச் செய்தித்தாளால் மூடுங்கள். மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தகட்டுக்குள் ஏற்றுவீர்கள்.

80 நம்பர் எமரித்தாளில் ஆரம்பியுங்கள். துரு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தாமல், நல்ல பெயிண்ட் ஒட்டியிருக்கும் இடம் வரை போங்கள். பெயிண்டுக்கு அடியில் துரு வேர் மாதிரி ஓடியிருக்கும். ரூபாய்க் காசளவு கொப்புளம் உள்ளங்கை அளவாவது சாதாரணம், மனம் தளர வேண்டாம். வெள்ளி மாதிரித் தகடு பளிச்சிட்டதும் 120, 180 என்று மாறி, பெயிண்ட் விளிம்பை 320-ஆல் சரிவாக்குங்கள். சரியாகச் செய்திருந்தால் மேலே உள்ள நிறமில்லாத கிளியர், அதன் கீழே கலர், அடியில் பிரைமர் எல்லாம் மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் போலத் தெரியும். விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. துத்தநாகம் பூசிய தகடு கொண்ட வண்டிகளில் தேவைக்கு மேல் அகலமாகத் தேய்க்காதீர்கள், அந்தப் பூச்சுதான் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது.

குழிக்குள் கறுப்பாகப் புள்ளிகள் மிஞ்சும். அதைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் தகடு ஓட்டையாகிவிடும். துரு மாற்றிக்கு வேலை இங்கேதான். கடைகளில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேட்டால் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் சேர்ந்த வகை அதைக் கருநீலமான ஒரு கெட்டிப் படலமாக்கும். இரண்டாவது நமக்குப் புதிதில்லை. நம் வீட்டுச் சுவர்ச் சுண்ணாம்புக்கு ஊற்றிய கடுக்காய் நீரில் இரும்புக் கரண்டி பட்டால் மை போலக் கறுக்கும், அதே டானின்தான். அதற்காகக் கடுக்காயை ஊறவைத்துக் காரில் தடவ வேண்டாம். பொறுமையாக இருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல சோதனை, காருக்கு நல்ல மருந்து இல்லை.

கன்வெர்ட்டருக்கு வினைபுரிய மெல்லிய, ஒட்டிப் பிடித்த துரு வேண்டும். உதிரும் துருவின் மேல் அடித்தால் துருவோடு சேர்ந்து அதுவும் உதிரும். பளபளக்கும் தகட்டில் அதற்கு வேலையில்லை. குழிகளில் பிரஷால் தொட்டு வைத்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை விடுங்கள். அமில வகை என்றால் பிறகு தண்ணீரால் கழுவி உடனே சூடு காட்டிக் காயவைக்க வேண்டும். அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் சரியாக ஒட்டாது.

இதற்குப் பிறகு வேகம் முக்கியம். வெறும் தகட்டில் நம் ஈரக் காற்று பட்டால் சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கும். வெறுங்கையால் தொடவும் கூடாது, வியர்வையில் உப்பு இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் முதல் பிரைமர் ஏறியிருக்க வேண்டும்.

எந்தப் பிரைமர்? ரெட் ஆக்சைடு மலிவு, கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். ஜன்னல் கம்பிக்கு அது போதும். காருக்கு இரண்டு பகுதி கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரைத்தான் நான் சொல்வேன். தண்ணீரை விடாது, தகட்டை விட்டுக் கிளம்பாது. மெல்லிய இரண்டு கோட், நடுவில் டப்பா சொல்லும் இடைவெளி, பிறகு ஓர் இரவு.

பட்டி பிரைமருக்கு மேலே. இந்த வரிசையில் பல பட்டறைகள் தப்புச் செய்கின்றன. பட்டி, பஞ்சு போல ஈரம் உறிஞ்சும் பொருள். வெறும் தகட்டில் வைத்தால் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஈரம் தங்கும். எபாக்ஸியின் மேல் 180-ஆல் லேசாகத் தேய்த்துவிட்டு, குழி நிரவும் அளவு மட்டும் வையுங்கள். பாலியெஸ்டர் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கக் கூடாது, உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர் எல்லாம் அதற்கு மேல் பிரைமர் ஏறிய பிறகு.

மேற்பரப்பைச் சமமாக்கும் சர்பேசர் பிரைமர் ஒரு கோட், 400, அப்புறம் 800 வாட்டர் பேப்பர். வண்டியின் கலர் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ இன்ஜின் பக்கமோ ஒட்டிய தகட்டில் இருக்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு போனால் பெயிண்ட் கடையில் கலந்து தருவார்கள். பழைய வண்டிக்குக் குறியீடு சரியாக இருந்தாலும் நிறம் ஒட்டாது, வெயில் அதை வெளுத்திருக்கும். பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய் ஒப்பிடச் சொல்லுங்கள். கலர் மெல்லிசாக இரண்டு மூன்று கோட், அதன் மேல் கிளியர் இரண்டு. ஹார்டனர் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. சரியான கரி வடிகட்டி முகமூடி இல்லை என்றால் அந்தக் கட்டத்தை மட்டும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்து 1500, 2000 பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும். மெழுகு மட்டும் ஒரு மாதம் கழித்து.

கல் பட்ட புள்ளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. புள்ளியைச் சுரண்டி, பல்குச்சி முனையில் கன்வெர்ட்டர், பிரைமர், கலர் ஒவ்வொன்றும் ஒரு சொட்டு. பார்வைக்குத் தெரியும்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் நிலை: பட்டறையில் என்ன கேட்பது

ஒரு பட்டறையில் என் காரின் பின்சக்கர வளைவை நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்கள், கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழை தாங்கியது. அடுத்த டிங்கர் ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார், பட்டி பெயர்ந்து வந்தது, அதற்குப் பின்னால் சுருட்டி அடைத்த செய்தித்தாள். தேதி கூடப் படிக்க முடிந்தது. "தம்பி, இது தகடு இல்ல, பேப்பர்" என்றார். அன்றிலிருந்து வேலை ஆரம்பிக்கும் முன் நான் கேட்பது இவைதான்.

துருவை வெட்டி எடுப்பீர்களா, மேலே தகடு வைத்து ஒட்டுவீர்களா? வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஸ்குரூடிரைவர் இறங்காத நல்ல தகடு வரும் வரை. என்ன கேஜ் தகடு போடுவீர்கள்? 20 அல்லது 22 கேஜ், அதாவது பழைய தகட்டின் கனத்துக்கு ஏற்றது. என்ன வெல்டிங்? கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும், சுற்றிலும் உள்ள பெயிண்ட் உள்பக்கம் கருகிப் புதுத் துருவுக்கு வழி வைக்கும். சி.ஓ.டூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால் நெளியாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுவார்களா என்றும் கேளுங்கள். புது வண்டிகளில் கம்ப்யூட்டரும் ஏர்பேக்கும் இருக்கின்றன. பெட்ரோல் டாங்கு பக்கத்தில் வேலை என்றால் டாங்கை இறக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

வெல்டிங் முடிந்ததும், பெயிண்டுக்கு முன், ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். வெறும் தகடு தெரியும் நிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார், பெருமையாகக் காட்டுவார். பிறகு வெல்டிங் இணைப்பில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், உள்பக்கம் பிரைமர், எல்லாம் காய்ந்தபின் உள்ளே மெழுகு ஸ்பிரே. வெளிப்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வெல்டிங்கின் முதுகுப்பக்கத்தில் ஒன்றும் அடிக்காமல் விட்டால் அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கும்.

ரன்னிங் போர்டோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமோ அரித்திருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, மோதினால் ஆளைக் காக்க வேண்டிய பகுதி. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டப் போகும்போது சிக்கலும் வரும். அந்த நிலையில் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில வண்டிகளை விட்டுவிடுவதுதான் சரி. ஐயா ஓட்டிய வண்டி என்றால் கணக்கு வேறு, அது உங்கள் வீட்டு விஷயம்.

வேலை முடிந்த பிறகு

சரிசெய்த இடத்தைப் படமெடுத்து வைத்து, ஒவ்வொரு கார்த்திகை முடிவிலும் அதே வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். விளிம்பில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அப்போதே 400 பேப்பரும் ஒரு சொட்டு எபாக்ஸியும் போதும். முதல் பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் கதவுகளைத் திறந்து அடித்துளைகளைப் பாருங்கள், சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சொட்டவில்லை என்றால் கேபிள் டையை எடுங்கள். என்னுடையது டேஷ்போர்டு பெட்டிக்குள், ஆர்.சி. புத்தகத்தோடு கிடக்கிறது.